பெல்ட்டின் மூன்றாவது தகடு

அந்த பெல்ட்டின் வரலாறு முழுவதையும் வெட்டியவன் நான். மொத்தம் ஆறு தகடுகள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. பித்தளை, மேலே தங்க நிறப் பூச்சு. கறுப்புத் தோல் பட்டையின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பெரிய தகடு, அதன் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இந்தச் சின்னத் தகடுகள். அஜ்மானில் அந்த மல்யுத்தக் கூடம் நடந்தவரை, பெண்கள் பட்டம் யார் யார் கையில் இருந்தது என்று எழுதி வைக்க ஒரு வெப்சைட் இருந்தது. இப்போது கூடமும் இல்லை, வெப்சைட்டும் திறப்பதில்லை. மிச்சம் இருப்பது தகடுகள்தான்.

யார் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. அந்த ஆறு பெண்களில் பாதிப் பேர் ஊரில் வேறு கதை சொல்லி வைத்திருந்தவர்கள். துபாயில் என்ன வேலை என்று கேட்டால் சலூன் என்பார்கள், ஸ்கூல் என்பார்கள், அது பொய்யும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. இத்தனை நாள் கழித்து நான் போட்டுக்கொடுத்தால் நன்றாக இருக்காது.

எங்கள் கடை பர் துபாயில், துணிக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும். கோப்பை, கேடயம், மெடல், மேஜைப் பெயர்ப்பலகை. லேபர் கேம்ப் கிரிக்கெட் டோர்னமெண்ட் முதல் கம்பெனிகளின் சிறந்த ஊழியர் விருது வரை எல்லாம் இங்கேதான் பெயர் வாங்கிக்கொண்டு போகும். கீழக்கரையிலிருந்து வந்து இந்தக் கடையில் நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் கையால் போன எந்தப் பெயரிலும் எழுத்துப்பிழை கிடையாது. மலையாளி தன் பெயரில் ‘ழ’வுக்கு எந்த இங்கிலீஷ் எழுத்துப் போடுவான், எகிப்துக்காரன் ‘ஜ’வுக்கு எதைப் போடுவான் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். தெரிந்தாலும் வெட்டுவதற்கு முன் காகிதத்தில் அடித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுவேன். கையெழுத்து விழுந்துவிட்டால் கலாஸ், கதை முடிந்தது. அப்புறம் வந்து யார் என்ன சொன்னாலும் ஃபைலை எடுத்துக் காட்டுவேன்.

பெல்ட் செய்யச் சொல்லி வந்தவர் அந்தக் கூடத்தின் கோச். எகிப்துக்காரர், ஆறடி உயரம், இரண்டு காதும் நசுங்கிக் கிடக்கும். பெண்களுக்கென்று ஒரு சாம்பியன் பட்டம் ஆரம்பிக்கிறேன் என்றார். யார் ஜெயிப்பது என்பதை அவரே முன்கூட்டி முடிவு செய்துவிடுவார் என்று பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது.

“அப்ப எல்லாம் பொய்யா?” என்று ஹிந்தியில் கேட்டேன்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார். பழைய தழும்பு, ஒரு சாண் நீளம். “விழுவது பொய் இல்லை பாய்” என்றார்.

பட்டம் எப்படிக் கை மாறும் என்பது எனக்குப் போகப்போகத் தெரிந்தது. மற்ற ஊர்களில் எப்படியோ, இங்கே அதைத் தீர்மானித்தது லீவு. எல்லாருக்கும் ஒரு டூட்டி இருந்தது. முதல் சாம்பியன் ஒரு பிலிப்பினோப் பெண், சலூனில் முடி வெட்டுகிறவள். டிசம்பரில் ஊருக்குப் போக அவளுக்கு லீவு கிடைத்துவிட்டது; பெல்ட் சும்மா கிடக்கக் கூடாதே என்று கோச் அவளைத் தோற்க வைத்தார். யாரும் எதிர்பாராத தோல்வி என்று வெப்சைட்டில் போட்டார்கள். டிசம்பரில் லீவு கிடைத்ததுதான் யாரும் எதிர்பாராதது. இரண்டாவது சாம்பியன் லெபனான்காரி, நர்சரி டீச்சர். புருஷனுக்கு ராஸ் லஃபானில் எரிவாயுக் கம்பெனி வேலை கிடைத்து, குடும்பத்தோடு கத்தாருக்குக் கிளம்பினாள். அதற்காக அவள் தோற்றாள். ஒவ்வொரு முறையும் பெல்ட் என்னிடம் வரும், நான் அடுத்த தகட்டைத் திருகி அனுப்புவேன்.

மூன்றாவதாக ஜெயித்தவள் தமிழச்சி. இலங்கை மலைநாட்டுப் பெண், ஹட்டன் பக்கம். முதலில் ஒரு வீட்டு வேலைக்கு வந்து, பிறகு விசா கொடுக்கிற கஃபீல் மாறி, ஷார்ஜாவில் ஒரு லேடீஸ் ஜிம்மில் துண்டு மடித்து, மிஷின் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜிம்முக்கு வரும் ஒருத்தி மூலமாகக் கோச்சிடம் போய்ச் சேர்ந்திருக்கிறாள். முழுக்கை பனியனும் கால்வரை இறுக்கமான கறுப்புடையும் போட்டுக்கொண்டு, தன்னைவிட அரை ஆள் அதிகமான பெண்ணைத் தூக்கிப் போடுவாள் என்று கோச் சொன்னார். அவள் தமிழ் என்பதே எனக்கு அப்போது தெரியாது. எனக்கு வந்தது ஐடியில் இருக்கிறபடி ஒரு முழுப்பெயர் மட்டும். அந்தக் கோச்சுக்கு மேடைப் பெயர்களே பிடிக்காது. சண்டைதான் ஜோடனை, ஆளாவது நிஜமாக இருக்கட்டும் என்பார்.

தகட்டில் பெரிய எழுத்தில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் நிற்காது. அதனால் முதல் இரண்டு பேருக்கும் குடும்பப் பெயரை மட்டும் வெட்டியிருந்தேன். மூன்றாவதுக்கும் சர்நேம் கட்டத்தில் எது இருந்ததோ அதை எடுத்து வெட்டினேன். பிழை இல்லை. கோச் கையெழுத்துப் போட்டார். பெல்ட் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை பகல், கடையில் கூட்டமில்லாத நேரம், ஒரு பெண் சூப்பர் மார்க்கெட் பையோடு உள்ளே வந்தாள். குட்டையான ஆள், அகன்ற தோள், கன்னத்தில் காய்ந்த சிராய்ப்பு. பையிலிருந்து பெல்ட்டை எடுத்து கவுண்டரில் விரித்து, மூன்றாவது தகட்டில் விரலை வைத்தாள்.

“நீங்கதானா நானா இத வெட்டுனது?”

முஸ்லிம் ஆளைக் கண்டால் இலங்கைக்காரர்களுக்கு நானா. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

“ஆமா தங்கச்சி, நான்தான். ஏன், எழுத்துல பிழையா?”

“எழுத்தெல்லாஞ் சரி. இது யாரு?”

“யாருன்னா? நீங்கதான். மூணாவது சாம்பியன்.”

“இது எங்கப்பன்” என்றாள்.

நான் பெல்ட்டை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்து என்ன ஆகப்போகிறது. “ஐடியில சர்நேம் இதானே இருக்கு?” என்றேன்.

“சர்நேம்னா என்னான்னு எங்களுக்கு என்னா தெரியும் நானா? ஃபாரத்துல கட்டம் இருந்துச்சு, ஏஜென்சிக்காரன் அப்பன் பேர எழுதிட்டான். கோச்சுக்குத் தெரியாது, சரி. ஒங்களுக்குமா தெரியாது? நீங்க தமிழ் ஆளுதானே?”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. தெரியாமல் என்ன. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பன் பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், ஆளுக்கு ஒரே பெயர். கடல் தாண்டினால் அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்து இழுத்து முழுப்பெயராக்கிக் கடைசியில் உட்கார வைத்துவிடுவார்கள். என் பேங்க் கார்டில் இருப்பது என் வாப்பா பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிடுவது வாப்பாவை; நான் எழுந்து போய் ஊசி போட்டுக்கொள்வேன். இருபது வருடம் இதை அனுபவித்துக்கொண்டிருந்தவன், ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அதையே பித்தளையில் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரனோ பாகிஸ்தானியோ செய்திருந்தால் தெரியாமல் செய்தான் எனலாம்.

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும். ஃபைலை எடுத்து கோச்சின் கையெழுத்தைக் காட்டினேன். கையெழுத்து விழுந்த பிறகு நான் ஒன்றும் செய்ய முடியாது, கோச் சொன்னால் மாற்றித் தருகிறேன் என்றேன். அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஃபைலை மெல்ல மூடி என் பக்கம் தள்ளினாள்.

“மைக்குல பேசுறவரு பெல்ட்ட பாத்துத்தான் பேரு வாசிக்கிறாரு நானா. ஜெயிச்ச அடுத்த ஞாயிறே வாசிச்சிட்டாரு. சனம் புடிச்சிக்கிச்சு. கத்துறதுக்குத் தோதான பேரு. இப்ப போஸ்டர்லயும் அதான். கூடப் பழகுற புள்ளைங்களும் அப்புடியே கூப்புடுதுங்க. நான் நாலு வயசா இருக்கயில கொழும்புக்குப் போறேன்னு போன மனுசன். திரும்பி வரவே இல்ல. அந்தாளு பேர நூறு பேரு கத்துறாங்க. அடி வாங்குறது நானு.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது.

“மொதல்ல இருந்த வீட்டு மேடத்துக்கு என் பேரு வாயில வரலன்னு வேற பேரு வெச்சாங்க. ஜிம்முல எல்லாருக்கும் நான் வெறும் அக்கா, தீதி. இந்த ஊருல என் பேரு எங்கயும் இல்ல நானா. இது ஒண்ணுதான் நானே அடிபட்டுப் பொரண்டு வாங்குனது” என்றாள். பெல்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்தாள். போகும்போது ஜிம்மை மூடப்போகிறார்கள் என்றும், விசா கேன்சல் ஆகி அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கே போகிறாள் என்றும், அதற்கு முன்னால் பெல்ட்டை வேறொருத்தியிடம் தோற்க வேண்டும் என்றும் சொன்னாள். அதன் பிறகு இந்தப் பெல்ட்டைத் தொடக்கூட முடியாது. நம்பரை ஒரு பில்லின் பின்னால் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே கோச்சுக்கு ஃபோன் போட்டேன். அவருக்குப் பிரச்சினையே புரியவில்லை. எங்களிடமும் அப்பா பெயர் கூடவேதான் வரும், அது பெருமைதானே பாய் என்றார். அந்தப் பெயருக்கு நல்ல சத்தம் இருக்கிறது, ஜனங்களுக்குப் பழகிவிட்டது, ஒரு மாதத்தில் போகிறவளுக்காக எதற்கு மாற்றுவது, மாஃபி முஷ்கிலா என்று முடித்துவிட்டார். ஒரு பிரச்சினையும் இல்லையாம். அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் நியாயமே இல்லாதது. தப்புச் செய்தது நான்.

மூன்று வாரம் கழித்து பெல்ட் என்னிடம் வந்தது, நாலாவது தகட்டுக்கு அளவு பார்க்க. அடுத்த சாம்பியன் ஒரு கென்யப் பெண், மாலில் செக்யூரிட்டி டூட்டி. கடைசிச் சண்டை முடிந்ததும் ஃபோட்டோ எடுக்க வேண்டும், நீயே வந்து தகட்டைத் திருகிக் கொடு என்று கோச் சொல்லியிருந்தார். நான் இலங்கைக்காரியின் நம்பருக்கு ஃபோன் போட்டு, டூட்டி முடிந்ததும் கடைக்கு வரச் சொன்னேன்.

வந்ததும் காகிதத்தை நீட்டினேன். தன் பெயரை இங்கிலீஷில் எழுதினாள். ஆறு எழுத்து. தகட்டில் தாராளமாக நிற்கும்.

“இனிஷியல் போடணுமா?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “வேணாம்.”

“அம்மா பேருல மொத எழுத்துப் போடலாமே. இப்ப ஊர்ல அப்புடியும் போடுறாங்க.”

“அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது நானா. தெரிஞ்சா அது வேற அடி” என்றாள். “என் பேரு மட்டும் போடுங்க.”

அச்சடித்துக் காட்டினேன். கோச் கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி. ஆர்டர் கொடுத்தவர் அல்லாமல் இன்னொருவர் கையெழுத்தில் நான் வெட்டியது அந்த ஒரு தகடுதான். பழைய தகட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். கோபமாகக்கூட இல்லை, மிட்டாய்த் தாளைப் போடுகிற மாதிரி. கோச் பெல்ட்டை வாங்கிக்கொண்டு போனபோது எதையும் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் முறையாக மல்யுத்தம் பார்க்கப் போனேன். அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தகரக் கூரைக் கோடவுன். நடுவில் ரிங், சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் கரக் டீ. நூற்றைம்பது பேர் இருக்கும். முன்வரிசைகளில் குடும்பங்கள், பின்னால் எங்களைப் போல ஒண்டிக்கட்டைகள். சட்டைப்பையில் நாலாவது தகடும் திருப்புளியும் வைத்திருந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் மைக்கில் அந்தப் பெயரை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவதுதான். என் தப்பு அதோடு சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தேன்.

கடைசிச் சண்டை வந்தது. அறிவிப்பாளர் பெல்ட்டை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, மூன்றாவது தகட்டைப் பார்த்தார். ஒரு வினாடி தயங்கினார். ஆனால் எழுதியிருப்பதை வாசிக்கிற ஆள் அவர், வாசித்துவிட்டார். நல்ல உச்சரிப்பு, குறை சொல்ல முடியாது.

கோடவுனில் சத்தமே இல்லை. யாரும் கை தட்டவில்லை. யாரைச் சொல்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த மலையாளி, “நம்ம ஆளு வரலையா சேட்டா? வேற யாரோ பேரு சொல்றாங்க” என்று கேட்டார். திரை விலகி அவள் வெளியே வந்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. மொத்தக் கூட்டத்துக்கும்தான். எல்லாரும் எழுந்து, நாற்காலியைத் தட்டிக்கொண்டு, கொழும்புக்குப் போன மனுஷனின் பெயரைக் கத்த ஆரம்பித்தார்கள்.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அவளுக்காகத்தான் கத்துகிறார்கள், அன்பாகத்தான் கத்துகிறார்கள். ரிங்கில் நின்ற அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாள், பெல்ட்டை ரெஃப்ரியிடம் கொடுத்தாள், மணி அடித்தது.

சண்டையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. விழுகிற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பலகை மேல் முதுகு பட்டு, கோடவுன் தகரம் வரை அதிரும் சத்தம். கோச் சொன்னது சரிதான், விழுவதில் பொய் இல்லை. கென்யப் பெண் அவளைவிட ஒரு தலை உயரம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அவளை இடுப்போடு தூக்கி மல்லாக்கப் போட்டு, மேலே படுத்து அழுத்தினாள். இரண்டு தோளும் தரையில் இருக்க ரெஃப்ரி மூன்று எண்ணிவிட்டால் முடிந்தது. மூன்றுக்குள் ஒரு தோளைத் தூக்கிவிட்டால் சண்டை தொடரும். அன்றைக்குத் தூக்கக் கூடாது. அதுதான் ஏற்பாடு, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரெஃப்ரி தரையில் அறைந்து ஒன்று என்றார். சுற்றிலும் அவள் அப்பன் பெயர், எழுந்திரு எழுந்திரு என்று ஏழெட்டு பாஷையில். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அந்தப் பெயருக்கு அவள் ஏன் எழ வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு என்றார். அப்போது நான் கத்தினேன். திட்டம் போட்டுச் செய்ததில்லை. நான் கூட்டத்தில் வாயைத் திறக்கிற ஆளே இல்லை. தகட்டில் வெட்டின அந்தப் பெயரை, தமிழில் கூப்பிடுகிற மாதிரி கடைசி எழுத்தை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் தோள் எழும்பியது.

மொத்த ஜனமும் வெடித்தது. கென்யப் பெண் திகைத்துப்போய் ரெஃப்ரியைப் பார்த்தாள். ரெஃப்ரி திரைப்பக்கம் நின்ற கோச்சைப் பார்த்தார். கீழே கிடந்தவள் ஒரு கையை ஊன்றி அரையாக எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தில் எதையோ தேடினாள். எத்தனையோ முகம், விளக்கு வேறு கண்ணில் அடிக்கும், என்னைப் பார்த்திருக்க முடியாது. பிறகு கென்யப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மேல் இழுத்துக்கொண்டு, தானாகவே மல்லாந்து படுத்தாள். ரெஃப்ரி மறுபடி எண்ணினார். இந்த முறை அவள் அசையவில்லை.

திரைக்குப் பின்னால் நான் ஒரு மேஜையில் பெல்ட்டை வைத்து நாலாவது தகட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் ஐஸ் பொதியை அழுத்திப் பிடித்திருந்தாள். கோச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பேசி வைத்தது என்ன, நீ செய்தது என்ன, இரண்டில் ஏன் தோளைத் தூக்கினாய், அந்தப் பெண்ணுக்கு அடி பட்டிருந்தால் யார் பதில் சொல்வது என்று அரபியும் ஹிந்தியுமாகக் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, வேலை செய்கிற இடத்து ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள்.

“மாஃப் கரோ சார். யாரோ என்னயக் கூப்புட்டாங்க.”